ஈரத்துண்டு

மூன்று வருஷமாக என் காரில் இருந்த எண்ணெய் பூசிய பஞ்சுத்துணி ஏர் ஃபில்டரைச் சென்ற மாதம் கழற்றிவிட்டு, பழையபடி காகித ஃபில்டரையே போட்டுவிட்டேன். மூடியின் கிளிப்புகளை எடுத்து மாட்டுகிற வேலை. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் ஏறக்குறைய ஒரு வருஷம் இரண்டுக்கும் நடுவே தடுமாறிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி அபிப்பிராயம் எழுதக்கூட நான் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டதில்லை. எதையும் சீக்கிரமாக முடிவு கட்டிவிடுகிறவன் என்று நண்பர்களிடம் எனக்கு ஒரு பெயர் உண்டு. இந்த அற்ப விஷயத்தில் ஏன் அப்படி நேர்ந்தது என்று யோசித்ததில் கிடைத்தவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

கார் 2011 மாடல் ஆல்ட்டோ, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். வங்கியில் குமாஸ்தாவாக இருப்பதால் சலுகை வட்டியில் கடன் கிடைத்தது என்பதைத் தவிர கார் வைத்துக்கொள்வதற்கான லட்சணம் எதுவும் எனக்குக் கிடையாது. அப்பாவை மாதம் ஒருமுறை சிங்காநல்லூரிலிருந்து நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டியிருந்தது. பஸ்ஸின் இரண்டாவது படியில் அவர் நின்றுவிடுவார். பின்னால் இருப்பவர்கள் முதலில் சத்தம் போடுவார்கள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். அவர்கள் சத்தம் போட்டதைவிடச் சும்மா இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால் கார்.

அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. 1976-ல் பத்தொன்பது வயதில் உள்ளே போனவர், 2003-ல் மில் மூடப்பட்டபோது வெளியே வந்தார். இருபத்தேழு வருஷமும் புளோ ரூமில். பேல்களைப் பிரித்து, பஞ்சை அடித்து உதிர்த்து, விதைத் தும்பையும் இலைப்பொடியையும் மண்ணையும் பிரிக்கிற இடம் அது. நூற்பாலையில் தூசு அதிகம் பறக்கிற இடங்களில் ஒன்று. அவர் வீட்டுக்கு வரும்போது புருவத்தில் வெள்ளை இருக்கும். சின்ன வயதில் அதை நான் ஊதிவிடுவேன். அது ஒரு விளையாட்டாக இருந்தது.

காரை வாங்கி ஆறு மாதத்தில் அந்த ஃபில்டரை வாங்கினேன். கார்களை அலங்கரிக்கிற சாமான்கள் விற்கும் ஒரு கடையில், சீட் உறை வாங்கப் போன இடத்தில், கவுண்டரின் கண்ணாடிக்குள் அது சிவப்பாக இருந்தது. கடைப்பையன் சொன்னான்: "இதைப் போட்டா எஞ்சின் நல்லா மூச்சு விடுங்க சார்." இந்த வகை ஃபில்டர் விற்கிற எல்லோரும், எந்த தேசத்தில் எந்த பாஷையில் விற்றாலும், சொல்கிற வாக்கியம் இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அது எனக்காக மட்டும் சொல்லப்பட்டதாகத் தோன்றியது. காகித ஃபில்டரைப்போலப் பல மடங்கு விலை. பேரம் பேசாமல் கொடுத்தேன்.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சொல்லிவிட வேண்டும். காகித ஃபில்டர் என்பது பிசின் ஏற்றிக் கெட்டிப்படுத்திய காகிதத்தை விசிறிமடிப்பாக மடித்து, ரப்பர் விளிம்பு கட்டியது. இழைகளின் இடைவெளிகள் மிகச் சிறியவை. ஒரு முறை உபயோகித்துவிட்டுத் தூக்கி எறிய வேண்டியது. மற்றது, தளர்வாக நெய்த பருத்தித் துணியைச் சில அடுக்குகளாக இரண்டு கம்பிவலைகளுக்கு நடுவே வைத்து மடித்தது. துணியின் கண்கள் பெரியவை. வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். கண்கள் விட்டுவிடுவதை எண்ணெய் பிடித்துக்கொள்ள வேண்டும். பிசுபிசுப்பான எண்ணெய் இழைகளில் ஊறி நிற்கிறது. வளைந்து வளைந்து போகிற காற்றோடு வளைய முடியாத தூசு, இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. அழுக்கானால் கழுவி, நிழலில் உலர்த்தி, மறுபடி எண்ணெய் விட்டுப் பல வருஷம் உபயோகிக்கலாம். 1960-களில் கலிபோர்னியாவின் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் பிரசித்தமான சாதனம் இது. பந்தய வண்டிக்கு ஒரு வினாடியும் முக்கியம். அதன் எஞ்சின் பதினைந்து வருஷம் உழைக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

என் எஞ்சினிடம் நான் எதிர்பார்ப்பது அதைத்தான். ஆனால் அந்த வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஃபில்டரை மாட்டிய அன்று ஆக்ஸிலேட்டரை மிதித்தபோது பானெட்டுக்குள்ளிருந்து ஒரு சின்ன உறுமல் கேட்டது. தடை குறைந்தால் காற்று உள்ளே போகும் சத்தம் கூடும், அது உண்மை. அந்தச் சத்தத்தைச் சக்தி என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "வண்டி நல்லா இழுக்குதுங்களாப்பா?" என்று கேட்டேன். "உம்" என்றார். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார்.

பெட்ரோல் எஞ்சினில் சக்தியைக் கூட்டுவதும் குறைப்பதும் காற்றை விடுவதும் அடைப்பதும்தான். ஆக்ஸிலேட்டர் மிதியின் மறுமுனையில், காற்றுக்குழாய்க்குள், ஒரு தகடு இருக்கிறது. நாம் மிதிக்கிற அளவுக்கு அது திறக்கிறது. சிங்காநல்லூரிலிருந்து காந்திபுரம் போகிறவன் அதை முழுசாகத் திறக்கிற சந்தர்ப்பம் வருவதேயில்லை. அப்படியிருக்கையில் ஃபில்டர் போடும் தடை, அந்தத் தகடு போடும் தடையின் முன்னால் ஒன்றுமேயில்லை. வாசல் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, வெளித்திண்ணைத் தட்டி காற்றை மறைக்கிறது என்று கவலைப்படுகிற கதைதான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தில் 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெட்ரோலைப் பீச்சுகிற இன்ஜெக்‌ஷன் முறைக் கார்களில், அடைத்துப்போன ஃபில்டரோடு ஓட்டினாலும்கூட எரிபொருள் செலவில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. மிதியை முழுசாக அழுத்தி வேகம் பிடிக்கும்போது மட்டும் சற்று அதிக நேரமாகிறது. பழைய கார்புரேட்டர் வண்டிகளின் கதை வேறு. அடைத்துப்போன ஃபில்டருக்கே இது என்றால், சுத்தமான காகிதத்துக்கும் சுத்தமான துணிக்கும் நடுவே என் பிரயாணத்தில் என்ன வித்தியாசம் இருந்திருக்க முடியும்? நான் விலை கொடுத்து வாங்கியது அந்த உறுமலை மட்டும்தான்.

மறுபக்கக் கணக்கு சத்தம் போடுவதில்லை. ஒரு பங்கு பெட்ரோல் எரிய, எடையில் ஏறக்குறைய பதினைந்து பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டருக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. ஒரு ஃபில்டர் தூசில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கையும், இன்னொன்று தொண்ணூற்றேழு பங்கையும் தடுக்கிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு சதவிகிதம்தானே வித்தியாசம் என்று தோன்றும். வங்கியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அப்படித் தோன்றக்கூடாது. எஞ்சினுக்குத் தடுக்கப்பட்டதைப் பற்றிக் கவலையில்லை; உள்ளே வந்ததுதான் அதற்குச் செலவு. ஒன்றில் ஒரு பங்கு வருகிறது, மற்றதில் மூன்று பங்கு. மூன்று மடங்கு. வட்டி விகிதத்தில் இப்படி ஒரு வித்தியாசத்தை எந்த வாடிக்கையாளரும் இரண்டு என்று சொல்லி என்னிடமிருந்து தப்ப முடியாது. உள்ளே வருகிற தூசில் முக்கால்வாசி மணல், இரும்பைவிடக் கடினமானது. சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டன் வளையத்துக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் கனம்தான். அந்தக் கனத்துக்குச் சமமான துகள்கள்தான் அதிகமாகத் தேய்க்கின்றன. கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரிய தூசு அவ்வளவு ஆபத்தில்லை. தேய்மானம் தெரியவரும்போது ஒரு லட்சம் கிலோமீட்டர் ஆகியிருக்கும். எந்த ஃபில்டரால் என்று அப்போது யாரும் கேட்கமாட்டார்கள். வண்டிக்கு வயசாகிவிட்டது என்பார்கள்.

இந்த விவகாரத்தைப் பற்றி நான் படித்ததெல்லாம் அமெரிக்கக்காரர்கள் எழுதியது. அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஃபில்டர்களைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்று ஒரு தர விதி உண்டு. சோதனைக்கு உபயோகிக்கிற தூசு, அரிஜோனா பாலைவனத்தில் எடுத்த தூசின் வழி வந்தது. உலகத்தில் பல இடங்களில் இன்றும் அதை அரிஜோனா தூசு என்றே சொல்கிறார்கள். அவினாசி சாலையில் 2025-ல் திறக்கப்பட்ட மேம்பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்த வருஷங்களில் பறந்த சிமெண்டுப் பொடியும், லாரிப் புகையின் கரியும், பல்லடம் பக்கத்து விசைத்தறிகளின் பஞ்சும் அந்தத் தூசில் இல்லை. அதேபோல, எண்ணெய் ஃபில்டரைப் பற்றி அவர்கள் அதிகம் பயந்து எழுதுவது வேறொன்று: அதிகமாக விட்ட எண்ணெய் காற்றோடு போய், காற்றின் அளவைச் சொல்கிற சூடான மெல்லிய கம்பியில் படிந்து அதைப் பொய் சொல்ல வைத்துவிடும் என்பது. சில வாரம் இந்தப் பயத்தில் நானும் இருந்தேன். கடைசியில் பார்த்தால் என் வண்டியில் அந்தக் கம்பியே கிடையாது. குழாயின் உள்ளழுத்தத்தை அளந்து கணக்குப் போடுகிற வேறு மாதிரி சாதனம்தான் இருக்கிறது. இரவல் அளவுகோலைப் பற்றி மற்றவர்களின் கட்டுரைகளில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தவன், இரவல் பயத்தை வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே சொந்தமாக ஒரு சோதனை செய்தேன். ஃபில்டருக்கு அப்பால், எஞ்சினுக்குப் போகிற குழாயின் உட்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் எண்ணெய் ஃபில்டரோடு ஓட்டினேன். பிறகு வெள்ளைக் கைக்குட்டையை விரலில் சுற்றி உள்ளே துடைத்துப் பார்த்தேன். செம்பழுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. மறுபடி சுத்தம் செய்து, காகிதத்தைப் போட்டு இன்னொரு இரண்டாயிரம். இந்தத் தடவை லேசான சாம்பல் நிறம், அவ்வளவுதான். இதை நிரூபணம் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாவது இரண்டாயிரத்தில் மழை பெய்திருந்தது. முந்தைய தடவை ஃபில்டரைக் கழுவியபோது எண்ணெயைச் சரிசமமாக விடாமல் இருந்திருக்கலாம். துணியில் எண்ணெய் போய்ச் சேராத இடம் வெறும் துவாரம்தான். ரப்பர் விளிம்பு சரியாக உட்காராமல் இருந்திருக்கலாம். அப்படியானால் குற்றம் துணியின்மேல் இல்லை, என் கையின்மேல். ஆனால் இது விஷயத்தை இன்னும் தெளிவாக்குகிறது. காகிதம் என்னிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. துணி, ஒவ்வொரு தடவையும் நான் பொறுமையோடும் ஒழுங்கோடும் இருப்பேன் என்று நம்பி உண்டாக்கப்பட்டது. என்னைப் பற்றி அவ்வளவு நல்ல அபிப்பிராயம் எனக்கு இல்லை.

காகிதத்துக்கு ஆபத்து வேறு விதத்தில் வருகிறது. வழக்கமான மெக்கானிக் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "புதுசு எதுக்குங்க சார், காத்தடிச்சுக் குடுத்தா இன்னும் ஒரு வருசம் ஓடுங்க" என்பார். என் பணத்தை மிச்சப்படுத்துகிற நல்ல எண்ணம்தான். ஆனால் பஞ்சர் கடைக் கம்ப்ரஸரின் அழுத்தத்தில் காகிதத்தின் இழை விலகிவிடும். தவிர, இன்னொரு விசித்திரம்: காகித ஃபில்டர் புதிதாக இருக்கும்போதுதான் சற்று அதிகமாகத் தூசை விடுகிறது. மேலே ஒரு படலம் சேர்ந்த பிறகு அந்தப் படலமே அடுத்த தூசைத் தடுக்கிறது. பார்ப்பதற்கு அழுக்காக இருப்பது தன் வேலையை நன்றாகச் செய்துகொண்டிருக்கிறது. அதை அடிக்கடி சுத்தம் செய்து பழைய நிலைக்குக் கொண்டுவருகிறவர்கள் கெடுதல் செய்கிறார்கள். முழுக்க அடைபடும்வரை விட்டுவைத்து, பிறகு தயங்காமல் எறிந்துவிட வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் சில மாதம் நான் முடிவு செய்யவில்லை. காகிதம்தான் சரி என்று புத்தி சொல்லிவிட்டது. ஆனால் பானெட்டைத் திறந்து அதைக் கழற்றப் போகும்போதெல்லாம், யாருடைய மூக்கையோ பொத்தப் போகிறவன்போல ஒரு கூச்சம். எஞ்சினுக்கு மூச்சுக் கிடையாது. அது ஒரு பம்பு. பிஸ்டன் கீழே இறங்கும்போது ஏற்படுகிற வெற்றிடத்தை வெளிக்காற்று வந்து நிரப்புகிறது. உருவகங்களை நம்பாதே என்று பத்து வருஷமாக எழுதிவருகிறவன், கடைப்பையன் சொன்ன ஓர் உருவகத்துக்குப் பணம் கொடுத்து, அதற்கு மூன்று வருஷம் எண்ணெயும் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒரு சொல்லை மட்டும் என்னால் சாதாரணமாகப் படிக்க முடிந்திருக்கவில்லை. வீட்டுக்குள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் காற்றைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு நான் செய்ய முடியாததைக் காருக்குச் செய்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் அதைக் கழுவிக் காயவைத்திருந்தேன். அப்பா வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதை எடுத்து மடிப்புகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "பஞ்சுதானே இது?" என்றார். "ஆமாங்கப்பா. எண்ணெய் விட்டா தூசு ஒட்டிக்கும். காத்து மட்டும் போகும்" என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, மூச்சுக்கு நடுநடுவே நிறுத்தி, இதைச் சொன்னார்:

"மில்லுல மூக்குல துண்டு கட்டுவோம். காஞ்ச துண்டுல பஞ்சு உள்ள வந்துரும். நனைச்சுக் கட்டுனா பஞ்சு வராது. ஆனா நனைச்ச துண்டு மூச்சை அடைச்சுப்போடும் கண்ணு. பேல் தூக்கறப்ப ஆவாது. அப்பறம் துண்டே கட்டறதில்ல."

ஏர் ஃபில்டரைப் பற்றி நான் படித்த அத்தனையும் இதில் இருக்கிறது. தடுத்தால் மூச்சு வராது, மூச்சு வந்தால் தடுக்காது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்க, காகிதத்தை மடித்து மடித்துப் பரப்பைக் கூட்டுகிறார்கள். ஓர் உள்ளங்கை இடத்தில் ஒரு போர்வையளவு காகிதம். மூன்று சிலிண்டர் வண்டி ஒன்றுக்கு இவ்வளவு யோசனை செய்து வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு ஒரு துண்டு. அதுவும் அவர் வாங்கியது.

அன்று ராத்திரி ஒரு கணக்குப் போட்டேன். எட்டு மணி நேர ஷிப்டில் உழைக்கிறவன் சுமார் பத்து கன மீட்டர், அதாவது 10,000 லிட்டர் காற்றை இழுக்கிறான் என்று தொழில் சுகாதாரக் கணக்குகளில் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு என் கார் இழுக்கிற காற்றுக்கு அது கொஞ்சம் கூட. வருஷத்துக்கு முன்னூறு ஷிப்ட், இருபத்தேழு வருஷம். லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அப்பா புளோ ரூமில் ஓடிய தூரம் ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குச் சற்று மேலே வருகிறது. ஃபில்டர் இல்லாமல் ஒரு காரை அந்தத் தூரம் ஓட்ட எந்த மெக்கானிக்கும் சம்மதிக்கமாட்டார்.

பஞ்சுத் தூசால் வருகிற நெஞ்சு நோய்க்கு பைசினோசிஸ் என்று பெயர். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புகிற முதல் நாள் நெஞ்சு இறுகும் என்பது அதன் அடையாளம். அப்பா சொல்லியிருக்கிறார், லீவு முடிந்த அன்றைக்குத்தான் கஷ்டம் என்று. 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலும், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் அது இருந்தது. அப்பாவின் காகிதங்களில் இருப்பது வேறு சொல்: ஆஸ்துமா. அவர் பீடி குடித்தவர் என்பதும் எழுதியிருக்கிறது. அவர் எங்கே வேலை செய்தார் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. டாக்டர்கள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை, பக்கத்தில் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்திருந்த நான், மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு கவிதையில் ஒரு சொல் இடம் மாறியிருந்தால் இரண்டு பக்கம் எழுதுகிறவன். வங்கியில் கையெழுத்துப் போடத் தெரியாத எத்தனையோ பேருக்கு மனு எழுதிக்கொடுத்தவன். இந்தச் சொல் பதினோரு வருஷமாக என் கையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

சென்ற மாதம் டாக்டரிடம் போகிற அன்று காலையில்தான் ஃபில்டரை மாற்றினேன். வண்டியில் உறுமல் இல்லை. அப்பா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. டாக்டரிடம், அப்பா புளோ ரூமில் இருபத்தேழு வருஷம் வேலை செய்தவர் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்து, "இதை ஏங்க முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்றேன். இப்போது பெயரை மாற்றி எழுதுவது சுலபமில்லை என்றும், பீடியையும் பஞ்சையும் நுரையீரலுக்குள் தனித்தனியாகப் பிரித்துக் காட்ட முடியாது என்றும் விளக்கினார். அது நியாயம்தான். மில் மூடி இத்தனை வருஷத்துக்குப் பிறகு இழப்பீடு எதுவும் வராது என்பது எனக்கும் தெரியும். தொழில் விவரத்தை மட்டுமாவது எழுதும்படி கேட்டுக்கொண்டேன். சீட்டின் மேல் ஓரத்தில், பஞ்சாலைத் தொழிலாளி, 27 வருஷம் என்று எழுதினார்.

வரும் வழியில் அப்பா அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தார். திரும்பக் கொடுக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சிவப்பு ஃபில்டர் இன்னும் பரணில் இருக்கிறது. யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன். எண்ணெயைச் சரிசமமாக விட வேண்டும் என்று சொல்லி.